யாருக்காகப் பற்ற வைத்தாய்?

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், துபாயில் ஒரு வாடகை வில்லாவின் சமையலறையில் நடந்தது இது. அன்று நான் செய்தது ஒரே ஒரு காரியம்தான். எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தேன். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அணைத்த நிமிடத்தில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் அணைத்தேன் என்பது புரியாது. பெரம்பலூர்ப் பக்கத்துக்காரன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முதலில் குவைத்தில் ஆறு வருடம் இருந்தேன். ஃபர்வானியாவில் எட்டுப் பேர் ஒரு ரூமில். அதில் ஒருவர் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு அசதியில் தூங்கிப் போனார். எட்டுப் பேரும் உயிரோடு வெளியே வந்துவிட்டோம், ஆனால் உடுத்தியிருந்த கைலியைத் தவிர வேறெதுவும் வரவில்லை. அதற்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. படுக்கும் முன் அடுப்புத் திருகை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். படுத்த பிறகு எழுந்துபோய் இன்னொரு தடவை. இப்போது ஜெபல் அலியில் ஒரு கேட்டரிங் கம்பெனியில் சமையல் உதவியாளாக இருக்கிறேன். கேம்ப்பில் எனக்குப் பெயர் ‘கேஸ் இன்ஸ்பெக்டர்’.

அந்த வருடம் எங்கள் கம்பெனிக்கு நான்கு வாரத்துக்கு ஒரு வேலை வந்தது. அமெரிக்கா, லண்டன், பிரான்ஸ் என்று பல இடங்களிலிருந்து முப்பது காலேஜ் பிள்ளைகள். எல்லாரும் யூதப் பிள்ளைகள். தங்கள் மதம், தங்கள் முன்னோர் எழுதி வைத்த சட்டம், பழக்கவழக்கம் இவற்றையெல்லாம் கோடை விடுமுறையில் உட்கார்ந்து படிக்க வந்திருந்தார்கள். லீவில் போய் யாராவது படிப்பார்களா, அதுவும் இந்த வெயிலில் துபாய்க்கு வந்தா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். பலருடைய வீடுகளில் இந்த வழக்கமெல்லாம் விட்டுப்போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டதாம். விட்டதைப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள்.

எனக்கு அந்த வேலையே வேண்டாம் என்றிருந்தது. காரணம் எங்கள் சூப்பர்வைசர். வேனில் ஏற்றும்போதே சொல்லிவிட்டார்.

“அந்தக் கிச்சன்ல அவங்களுக்கு ஆயிரம் ரூல் இருக்கு. ஒரு கம்ப்ளெயிண்ட் வந்துச்சு, அன்னிக்கே விசாவைக் கேன்சல் அடிச்சு ஊருக்கு ஏத்திருவேன். கலாஸ், கதை முடிஞ்சுது.”

அடுத்த மாதம் என் விசா புதுப்பிக்க வேண்டியிருந்தது. வயது நாற்பத்து மூன்று. கேன்சல் ஆகி ஊருக்குப் போனால் திரும்ப எந்த நாட்டுக்காரன் என்னைக் கூப்பிடுவான்? இந்தக் கணக்கை நான் ஒரு நாளைக்கு இருபது தடவை போட்டுப் பார்ப்பேன்.

சமையலறைக்குப் பொறுப்பாக அவர்களில் ஒருவரே இருந்தார். முப்பது வயது இருக்கும், மெல்லிய தாடி. பம்பாயில் பிறந்த யூதர். இந்தி பேசுவார் என்பதால் எனக்குப் பிழைப்பு ஓடியது. நான் அவரை ‘சாப்’ என்பேன். அவர் என்னை ‘பாய்’ என்பார், இந்தியில் அண்ணன் என்று அர்த்தம். எங்கள் பேச்சை இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் கண் பட்ட சமையலறை எப்படி இருக்கும் தெரியுமா? கறிப் பாத்திரத்துக்குச் சிவப்பு டேப், பால் பாத்திரத்துக்கு நீல டேப். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் உடைத்து, ரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். கீரையை இலை இலையாக விளக்கில் காட்டிப் பூச்சி தேடுவார். எல்லாவற்றையும் விட முக்கியமானது நெருப்பு. “நீ கிளறு, உப்புப் போடு, இறக்கு. பத்த வைக்கிறது மட்டும் என் கை” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். என்னைவிட அதிகமாகச் சரிபார்க்கிற ஒரு மனிதரை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தேன்.

அந்தப் பிள்ளைகளில் சுருட்டை முடியோடு ஒரு பெண் இருந்தாள். காய் நறுக்க அடிக்கடி வருவாள். ஒரு தடவை நீல டேப் கரண்டியைச் சிவப்பு டிராயரில் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து நாக்கைக் கடித்தாள். நான் சத்தமில்லாமல் எடுத்து மாற்றி வைத்தேன். அன்றிலிருந்து சிநேகம். “எங்க வீட்டுல யாருக்கும் எதுவும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீயும் நானும் ஒரே கிளாஸ்” என்று எனக்குப் புரிகிற மாதிரி சின்னச் சின்ன இங்கிலீஷில் சொல்வாள். காலேஜ் படிக்கிற பெண் என்னை ஒரே கிளாஸ் என்றது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை அவர்களுக்கு ஓய்வு நாள். அந்த நேரத்தில் நெருப்பு பற்ற வைக்கக் கூடாது, அணைக்கவும் கூடாது. விளக்கு சுவிட்சைத் தொடக்கூடாது. போன் கிடையாது. பேனா பிடிக்கக் கூடாது. முதல் இரண்டு வாரமும் அந்த நாளில் வேறொரு உதவியாள் தங்கினான். மூன்றாவது வாரம் அவனுக்குக் காய்ச்சல். அவனுக்குப் பதிலாக என்னைத் தங்க வைத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் சாப் ஓட்டமும் நடையுமாக இருந்தார். பெரிய பானை நிறைய மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, பார்லி, பயறு எல்லாம் போட்டு ஒரு குழம்பு. சமைத்து முடித்தாகிவிட்டது. ஆனால் மறுநாள் மதியம் அதைச் சூடாகச் சாப்பிட வேண்டும். அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அடுப்பைச் சிறிதாக எரியவிட்டு, மேலே ஒரு தகட்டைப் போட்டு, தகட்டின் மேல் பானையை வைத்துவிடுவார்கள். திருகுகள் மேல் அலுமினியத் தாளைச் சுற்றிவிடுவார்கள். மறுநாள் மதியம் வரை அது பாட்டுக்கு எரியும்.

“பாய், இதுல எதையும் தொடாதே. அச்சா?” என்று சொல்லிவிட்டுச் சட்டை மாற்ற ஓடினார். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

அச்சா என்று தலையை ஆட்டினேன். எல்லாரும் கூடத்தில் பாட ஆரம்பித்தார்கள். சமையலறையில் நானும் அந்த நெருப்பும் மட்டும். தகட்டுக்கு அடியில் நீல நிறத்தில் தெரிந்தது. ஏசி காற்றுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. பார்க்க ஆளில்லாமல், மறுநாள் மதியம் வரைக்கும். மேலே முப்பது பிள்ளைகள் தூங்குவார்கள். திரைச்சீலை வேறு பக்கத்திலேயே தொங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டுகளை அடுக்கினேன். திரும்பிப் பார்த்தேன். திரும்ப அடுக்கினேன். கால் மணி நேரம் இப்படியே. ஃபர்வானியா ரூமின் வாசனை மூக்குக்கு வந்துவிட்டது. சாப் வந்ததும் கேட்டுக்கொள்வோம், அதுவரை அணைந்திருக்கட்டும் என்று என் மனசு எனக்கு ஒரு சமாதானம் சொன்னது. தாளை விலக்கி, திருகை மூடிவிட்டேன்.

சாப் வரவில்லை. பாட்டு, பிரார்த்தனை, பிறகு விருந்து. சாப்பாடு எல்லாம் சூட்டுப் பெட்டிகளில் தயாராக இருந்ததால் அடுப்புப் பக்கம் யாருக்கும் வேலை இல்லை. ஒரு மணி நேரம் போயிருக்கும். சுருட்டை முடிப் பெண் தண்ணீர் ஜக்கோடு உள்ளே வந்தாள். முகமெல்லாம் ஒரே பிரகாசம்.

“இதுதான் நான் முழுசா கடைப்பிடிக்கப் போற முதல் ஓய்வு நாள். இதுக்கு முன்னாடி ரெண்டு வாரமும் பாதியில போனை எடுத்துட்டேன். இந்தத் தடவை ஒரு தப்பு கூட இல்லாம நாளைக்கு ராத்திரி வரைக்கும்” என்றாள். பானையைக் காட்டி, “இது மட்டும் அணைஞ்சா அவ்வளவுதான். யாராலும் பத்த வைக்க முடியாது” என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போனதும் கதவைச் சாத்தினேன். ஒரு கம்ப்ளெயிண்ட், ஒரு கேன்சல். வேறு எதுவும் யோசிக்கவில்லை. லைட்டரை எடுத்தேன், பற்ற வைத்தேன், சிறிதாக்கினேன், தாளைப் பழையபடி சுற்றினேன். பானை இன்னும் சூடாகத்தான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

துணி துவைக்கிற அறைக்குள் போய் நின்றுகொண்டு நண்பனுக்குப் போன் போட்டேன். கீழக்கரைக்காரன். இங்கே துபாயிலேயே தேராவில் மசாலாக் கடையில் இருக்கிறான். எனக்குப் பயம் வரும்போதெல்லாம் அவனுக்குத்தான் போன் வரும். அவனுக்கும் அது தெரியும்.

“என்ன மாப்ள, இன்னிக்கு எந்த ஊரு எரியுது?” என்றான்.

சொன்னேன்.

“யாராச்சும் பாத்தாங்களா?”

“இல்ல.”

“இப்ப எரியுதா?”

“எரியுது.”

“அப்புறம் என்னடா? அணைச்சவனே பத்தவச்சிட்ட, கணக்கு நேராயிருச்சு. வாயை மூடிட்டுப் படு.” போனை வைக்கப் போனவன், “ஆனா மாப்ள, அவங்க சட்டத்துல அது நேராகுமான்னு எனக்குத் தெரியாது பாத்துக்க” என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு வைத்தான். என்னைப் போன்ற ஆளிடம் சொல்கிற வார்த்தையா அது?

படுத்தேன், தூங்கவில்லை. விடிந்ததும் அந்தப் பெண் மாடிப்படியில் எதிரே வந்தாள். கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். இன்னும் ஒரு தப்பும் இல்லை என்று அர்த்தம். அவள் மதியம் அந்தக் குழம்பைத்தான் சாப்பிடப் போகிறாள். அவளுக்குத் தெரியாமலே அவளுடைய நாளில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு, நான் அதில் கரண்டி போட்டுப் பரிமாற வேண்டும். விசாவை நினைத்தேன். அவள் விரலை நினைத்தேன். நான்கு தடவை சாப்பை நோக்கி நடந்து நான்கு தடவை திரும்பி வந்தேன். அவரே கேட்டார்.

“என்ன பாய், வயிறு சரியில்லையா?”

கொட்டிவிட்டேன். அணைத்தது, பற்ற வைத்தது, எல்லாம். அவர் பானையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “எவ்வளவு நேரம் அணைஞ்சிருந்துச்சு?” என்று மட்டும் கேட்டார். பிறகு பாடம் நடத்துகிற ஆசிரியரைத் தேடிப் போனார். நான் என் பையில் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். போனால், முப்பது பேரும் புத்தகங்களோடு. அவர்கள் படிக்கிற விதமே தனி. இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, புத்தகத்தில் இருக்கிற சட்டத்தை வைத்துச் சத்தம் போட்டுச் சண்டை போடுவார்கள். அதுதான் படிப்பு. முதல் வாரம் நிஜச் சண்டை என்று நினைத்து விலக்கிவிடப் போனவன் நான். அன்று சத்தம் கூரையைப் பிய்த்தது. என்னைக் காட்டிப் பேசுகிறார்கள், சமையலறைப் பக்கம் கையை நீட்டுகிறார்கள், ஒருவன் மேஜையைக் குத்துகிறான். எனக்கு உறுதியாகிவிட்டது. எந்த ஃபிளைட் என்பதுதான் பாக்கி.

ஆசிரியர் கையைத் தூக்கினார். அமைதி. சாப்பிடம் ஏதோ சொன்னார். சாப் என் பக்கம் திரும்பினார்.

“பாய், ஒரே ஒரு கேள்வி. ஏன் கேக்கிறேன்னு இப்ப சொல்ல மாட்டேன். நேத்து திரும்பப் பத்த வச்சியே, அது யாருக்காக?”

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து, என்ன சொன்னால் பிரம்பு இறங்காது என்று கண்டுபிடிக்கத் தெரியும். பதினேழு வருட கல்ஃப் வாழ்க்கையில் அதே வித்தையைத்தான் வளர்த்துக்கொண்டேன். விசா கொடுத்த முதலாளி கஃபீல் கேட்டாலும் சூப்பர்வைசர் கேட்டாலும் ‘உங்களுக்காகத்தான் சார்’. அது பொய் என்றுகூடத் தோன்றாது. மரியாதை என்று நினைப்போம்.

“உங்களுக்காகத்தான் சாப்” என்றேன். போதாது என்று தோன்றியது. “பிள்ளைங்க சூடா சாப்பிடணுமேன்னு” என்று சேர்த்துக்கொண்டேன்.

சாப் அதை இங்கிலீஷில் சொன்னார். கூடம் முழுக்க ‘ச்சே’ என்று ஒரு பெருமூச்சு. மேஜையைக் குத்தியவன் தலையில் கை வைத்துக்கொண்டான். சுருட்டை முடிப் பெண் புத்தகத்தை மூடினாள். நல்ல பதில் சொன்னதாக நினைத்து நின்ற எனக்கு ஒன்றுமே புரியவில்லை. சாப்பின் கையைப் பிடித்துக் கேட்டேன்.

அவர் சொன்னார். ஓய்வு நாளில் வேறு மதத்துக்காரர் ஒருவர் தன் தேவைக்காக ஒரு விளக்கை ஏற்றினால் அந்த வெளிச்சத்தை இவர்களும் பயன்படுத்திக்கொள்ளலாமாம். இவர்களுக்காகவே ஏற்றினால் கூடாதாம். அடுப்புக்கும் அது பொருந்துமா என்று ஒரு மணி நேரம் வாதாடியிருக்கிறார்கள். பொருந்தலாம் என்று ஆசிரியர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். அந்த வழி திறப்பதும் மூடுவதும் என் பதிலில் இருந்தது. நான் எனக்காகப் பற்ற வைத்தேன் என்று சொல்லியிருந்தால் முப்பது பேரும் அன்று சூடாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

“சாப்!” என்று கத்தியே விட்டேன். “எனக்காகத்தான் பத்த வச்சேன்! வேலை போயிரும்னு பயந்து. நீங்க யாருமே எனக்கு ஞாபகத்துல இல்ல. சத்தியமா.”

அதுதான் உண்மை. அந்த நிமிடத்தில் என் மண்டைக்குள் இருந்தது என் விசா மட்டும்தான். சாப் அதையும் சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிலர் எழுந்து ஏதோ பேசினார்கள். ஆசிரியர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மெதுவாகப் பேசினார், சாப் சொல்லிக்கொண்டே வந்தார்.

“உன்னைப் பொய்யன்னு சொல்லலை. ரெண்டாவதா சொன்னதுதான் நிஜமா இருக்கும்னு எனக்கும் தோணுது. ஆனா எந்தப் பதில் எங்களுக்கு வேணும்னு தெரிஞ்ச பிறகு சொன்ன பதில் அது. அதை வச்சு நான் எப்படிச் சாப்பிடச் சொல்வேன்?”

அவ்வளவுதான். அன்று மதியம் முப்பது பிள்ளைகளும் ரொட்டி, அவித்த முட்டை, ஆறிப்போன மீன், வெள்ளரிக்காய் சாப்பிட்டார்கள். பக்கத்தில் பானை கொதித்து மணந்துகொண்டிருந்தது. நான் பரிமாறினேன். சுருட்டை முடிப் பெண்ணின் தட்டில் முட்டையை வைத்தபோது “சாரி மேடம்” என்றேன்.

“எதுக்கு? நீ சொல்லலைன்னா சாப்பிட்டிருப்பேன். இப்ப என் நாள் முழுசா இருக்கு” என்றாள். பிறகு முட்டையைக் குத்திப் பார்த்துவிட்டு, “ஆனா அந்த முதல் பதில் இருக்கே...” என்று கண்ணை உருட்டினாள்.

அந்தக் கிண்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுப்பை அணைத்ததைக்கூட அவர்கள் சட்டம் எப்படியோ தாங்கிக்கொள்ள வழி தேடியது. பயத்தில் பற்ற வைத்ததையும் தாங்கியது. நான் மரியாதைக்காகச் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று இருட்டி, ஓய்வு நாள் முடிந்ததும் அந்தத் தடையும் முடிந்துவிட்டதாம், குழம்பைத் திறந்தார்கள். பாட்டுப் பாடி, சண்டை போட்டு, வழித்துச் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. இறங்கவில்லை. அடுத்த நாள் சூப்பர்வைசர் போன் வருமென்று காத்திருந்தேன். அதற்கு அடுத்த நாளும் காத்திருந்தேன். பொறுக்க முடியாமல் சாப்பிடமே கேட்டுவிட்டேன், கம்பெனியில் என்ன சொன்னீர்கள் என்று.

“எதைப் பத்தி?” என்றார் முட்டையை டம்ளரில் உடைத்துப் பார்த்துக்கொண்டே. “மூணு வாரமா புத்தகத்துக்காகச் சண்டை போட்ட வகுப்பு, முதல் தடவையா அன்னிக்குத்தான் ஒரு நிஜமான கேள்விக்காகச் சண்டை போட்டுச்சு. அதைச் சொன்னா உன்னையே வாத்தியாராப் போட்டுருவாங்க, பாய்.”

புகார் போகவில்லை. விசாவும் புதுப்பித்துவிட்டார்கள். தேரா நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவன் வழக்கம்போலக் கேலி செய்யவில்லை. “எங்க மார்க்கத்துல இதைத்தான் நிய்யத்துன்னு சொல்லுவோம் மாப்ள. என்ன செஞ்சேங்கிறதுக்கு முன்னாடி, என்ன நெனச்சுச் செஞ்சேங்கிறது” என்றான்.

இத்தனை வருடத்தில் என்ன செய்தாய், ஏன் செய்தாய், எத்தனை மணிக்குச் செய்தாய் என்றெல்லாம் என்னைக் கேட்டிருக்கிறார்கள். யாருக்காகச் செய்தாய் என்று கேட்டு, என் பதிலை வைத்தே தங்கள் சாப்பாட்டையே நிறுத்தி வைத்தவர்கள் அவர்கள் மட்டும்தான். இப்போதும் ஊருக்குப் போன் பேசும்போது, மனைவி எதற்காவது குறைப்பட்டால், “உங்களுக்காகத்தானே நான் இங்க கெடந்து கஷ்டப்படுறேன்” என்ற வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிடும். அந்தக் கூடத்தில் எழுந்த பெருமூச்சு காதில் விழும், ஒரு நிமிடம் நிறுத்தி, அது முழு உண்மைதானா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்ட பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.